கணினி ஏன் சொல்லாமல் கொள்ளாமல் விழுகிறது?

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39. அமெரிக்கப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக், தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. 78 நிமிடங்களில் அதைத் திரும்பவும் பெற்றுக்கொண்டது. ஆனாலும் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானங்கள் நின்றன. மருத்துவமனைகளில் அவசரமில்லாத அறுவைசிகிச்சைகள் தள்ளிப்போயின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள்.

அந்தக் கணினிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எதையும் தொடவில்லை, எதையும் நிறுவவில்லை. வீட்டில் பாதி அடித்த கடிதத்தோடு வேர்டு மூடிக்கொள்ளும்போதும், விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகும்போதும் வருவது இதே திகைப்புதான். வேலை போனது ஒரு நஷ்டம். ஏன் போனது என்று யாரும் சொல்லாதது அதைவிடப் பெரிய எரிச்சல்.

ஆனால் காரணம் இல்லாமல் எந்தக் கணினியும் விழுவதில்லை. பெரும்பாலான சமயங்களில் அந்தக் காரணத்தின் தடயத்தைக் கணினியே எழுதியும் வைத்துக்கொள்கிறது. அதைப் பயன்படுத்துபவரிடம் காட்டும் பழக்கம்தான் இல்லை. அது தெரியாததால் பழி தவறான இடத்தில் விழுகிறது. பணமும் தவறான இடத்தில் செலவாகிறது.

## முதலில், விழுந்தது எது?

“சிஸ்டம் போயிடுச்சு” என்ற ஒரே வாக்கியத்தில் நான்கு வெவ்வேறு நிகழ்ச்சிகளைச் சொல்லிவிடுகிறோம். இவற்றைப் பிரித்துப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

1. செயலி மட்டும் மூடிக்கொள்வது. பிரவுசரோ வேர்டோ மறைந்துவிடும், மற்றவை ஓடிக்கொண்டிருக்கும். இதுதான் கிராஷ்.

2. உறைந்துபோவது, அதாவது ஹேங். நிரல் சாகவில்லை, எதற்காகவோ காத்திருக்கிறது. மெதுவான வன்வட்டு, பதில் சொல்லாத சர்வர், இன்னொரு நிரல் பிடித்து வைத்திருக்கும் பூட்டு (ஒரு வளத்தை ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டும் பயன்படுத்த வைக்கும் ஏற்பாடு), எதுவாகவும் இருக்கலாம்.

3. நீலத்திரை. இயங்குதளமே தன்னை நிறுத்திக்கொள்வது.

4. எந்தத் திரையும் காட்டாமல் பட்டென்று அணைந்துபோவது. இதில் மென்பொருளைச் சந்தேகிக்கும் முன் சூடு, மின்சாரம், பவர் சப்ளை, பேட்டரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

## சுவருக்கு வெளியே, சுவருக்கு உள்ளே

கணினியின் நினைவகத்தை எண் போட்ட அறைகளின் நீண்ட வரிசை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிரலுக்கும் சில அறைகள் தரப்படுகின்றன. ஒரு நிரல் எந்த அறையைத் தொட்டாலும், அந்த அறை அதற்கு உரியதுதானா என்று ப்ராசஸர் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கிறது. அடுத்தவர் அறையைத் தொட்டால் ப்ராசஸர் உடனே நிறுத்தி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் புகார் செய்யும். கெர்னல் அந்த நிரலை மூடிவிடும். இந்தத் தடுப்பைத்தான் சுவர் என்கிறேன். விண்டோஸ் பதிவேடுகளில் சி0000005 என்று முடியும் பிழை எண்ணைக் கண்டால், நடந்தது இதுதான். அணுகல் மீறல் என்று பெயர்.

சாதாரணச் செயலிகள் இந்தச் சுவர்களுக்கு வெளியே, குறைந்த அதிகாரத்துடன் ஓடுகின்றன. கெர்னல் மட்டும் முழு அதிகாரத்துடன் உள்ளே ஓடுகிறது. இன்டெலின் ப்ராசஸர்கள் 0 முதல் 3 வரை நான்கு அதிகாரப் படிகளைத் தருகின்றன. விண்டோஸ் பயன்படுத்துவது இரண்டைத்தான்: கெர்னலுக்கு 0, மற்றவர்களுக்கு 3.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், கெர்னலுக்கு உள்ளே சுவர்கள் இல்லை என்பது. அங்கே ஓடும் எதுவும் அங்கே இருக்கும் எல்லாவற்றையும் தொடலாம். பிரிண்டர், வைஃபை, கிராஃபிக்ஸ் கார்டு போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் என்னும் மென்பொருள்களில் பல அங்கேதான் ஓடுகின்றன. கெர்னலை எழுதியவர்கள் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள். டிரைவரை எழுதியவர்கள் உலகெங்கும் உள்ள நூற்றுக்கணக்கான கருவி நிறுவனங்கள். இரண்டும் ஒரே அறையில் குடியிருக்கின்றன.

## கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது

விண்டோஸ் என்றால் விழும் என்ற எண்ணம் 95, 98 காலத்தில் ஊன்றியது. அந்தப் பெயர் நியாயமாகவே வந்தது. சுவர் எழுப்பும் வசதியை இன்டெல் 80386 ப்ராசஸர் 1985இலேயே கொடுத்திருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து வந்த விண்டோஸ் 95 அந்தச் சுவரைப் பாதி உயரத்துக்குத்தான் கட்டியது. 4 எம்பி நினைவகம் உள்ள கணினியிலும் ஓட வேண்டும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் நிரல்களும் பழைய விண்டோஸுக்கு எழுதிய 16-பிட் நிரல்களும் மாறாமல் ஓட வேண்டும். இந்த இரண்டு கட்டாயங்களுக்காக இயங்குதளத்தின் முக்கியமான நினைவகப் பகுதிகள் எல்லா நிரல்களும் எழுதக்கூடிய பொது இடத்தில் விடப்பட்டன. ஒரு விளையாட்டு நிரலின் தவறு முழுக் கணினியையும் சாய்க்க முடிந்தது. ஒரு 16-பிட் நிரல் பொதுப் பூட்டை எடுத்துக்கொண்டு உறைந்துபோனால், மற்ற நிரல்களும் திரையில் எதையும் வரைய முடியாமல் காத்துக் கிடந்தன.

1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கணினிக் கண்காட்சியில், பில் கேட்ஸ் மேடையில் நிற்க, விண்டோஸ் 98 ஓடிய கணினியில் ஒரு ஸ்கேனரைச் செருகினார்கள். செருகியதும் தானாக அடையாளம் கண்டுகொள்ளும் என்று காட்டுவதற்காகத்தான். கூட்டத்தின் முன்னால் நீலத்திரை வந்தது. புதிய கருவி, புதிய டிரைவர், விழுந்தது கணினி. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதாகப் புரியும்.

அதே தலைமுறையில் இன்னொரு பிழையும் இருந்தது. கணினி தொடங்கியதிலிருந்து ஆன நேரத்தை மில்லி நொடிகளில் எண்ணும் எண்ணி 32 பிட் அளவுடையது. அதிகபட்சம் சுமார் 429 கோடி வரை எண்ணும். 49.7 நாட்களில் அது நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். அப்போது கணினி உறைந்துபோகும். 1995இல் வந்த இயங்குதளத்தில் இருந்த இந்தப் பிழைக்கு 1999இல்தான் திருத்தம் வந்தது. அந்தக் காலத்தில் ஐம்பது நாட்கள் தொடர்ந்து விழாமல் ஓடிய விண்டோஸ் கணினி எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆப்பிளின் பழைய மேக் இயங்குதளமும் அன்று இதே நிலையில்தான் இருந்தது. அங்கே நீலத்திரைக்குப் பதிலாக வெடிகுண்டுப் படம் வந்தது. 2001இல் இருவருமே அடித்தளத்தை மாற்றினார்கள். ஆப்பிள் யூனிக்ஸ் வழிவந்த மேக் ஓஎஸ் எக்ஸுக்குப் போனது. 1993 முதல் அலுவலகங்களுக்கென்று விற்கப்பட்டுவந்த விண்டோஸ் என்டியின் கெர்னலை, விண்டோஸ் எக்ஸ்பி மூலம் மைக்ரோசாஃப்ட் வீடுகளுக்கும் கொண்டுவந்தது. செயலிகளுக்கு நடுவே சுவர் முழுமையானது.

## சுவர் வந்த பிறகும் ஏன் விழுந்தது?

விடை டிரைவர்களில் இருந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, அப்போது எக்ஸ்பியில் பதிவான வீழ்ச்சிகளில் 85 விழுக்காட்டுக்கு டிரைவர்களே காரணம் என்று குறிப்பிட்டது. 2007இல் எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டா வெளிவந்த காலத்து மைக்ரோசாஃப்டின் உள் கணக்கு ஒரு வழக்கில் வெளியே வந்தது. அதில் பதிவான விஸ்டா வீழ்ச்சிகளில் ஏறக்குறைய 29 விழுக்காடு கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவின் டிரைவர்களால் நேர்ந்தவை. ஒரே நிறுவனத்தின் டிரைவர்கள், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

“பிழை அறிக்கையை அனுப்பவா?” என்று அன்று கேட்ட அந்தச் சிறு பெட்டியிலிருந்துதான் இந்தக் கணக்குகள் வந்தன. அனுப்பி என்ன ஆகப்போகிறது என்று பலர் அதை மூடிவிட்டதுண்டு. ஆனால் அப்படிச் சேர்ந்த அறிக்கைகளைப் பார்த்துத்தான் 2002இல், அன்றைய மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர், ஒரு விழுக்காடு பிழைகளே பாதி வீழ்ச்சிகளுக்குக் காரணம் என்று எழுதினார். எந்தப் பிழையை முதலில் திருத்துவது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு அந்த அறிக்கைகள் உதவின. அனுப்பியவர்களில் பெரும்பாலோருக்கோ “நன்றி” என்பதைத் தாண்டி அதிகம் திரும்பி வரவில்லை. இந்த ஏற்பாடு தொடக்கம் முதலே ஒருதலைப்பட்சமானது என்பேன். தடயம் எடுக்கப்பட்டது நம் கணினியிலிருந்து. அது சொன்ன விடையில் நமக்கும் பங்கு உண்டு.

## விழுந்த இடம் வேறு, தவறு நடந்த இடம் வேறு

எந்தக் கணினி வீழ்ச்சியையும் புரிந்துகொள்ள இந்த ஒரு கருத்து போதும். விழுவது எந்த நிரலோ அதுதான் தவறு செய்தது என்று நினைப்பது இயல்பு. பல நேரங்களில் அது வெறும் பலியாடு.

ஒரு வைஃபை டிரைவர் காலை 10 மணிக்குத் தனக்கு உரிய இடத்தைத் தாண்டி நான்கு எழுத்துகள் அதிகமாக எழுதிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கெர்னலுக்குள் சுவர் இல்லாததால் யாரும் தடுப்பதில்லை. எழுதப்பட்ட இடம், வட்டில் கோப்புகளை நிர்வகிக்கும் பகுதியான கோப்பு முறைமையின் ஒரு குறிப்பேடு. அதை அடுத்த இரண்டு மணி நேரம் யாரும் திறக்கவில்லை. பகல் 12 மணிக்கு நீங்கள் ஒரு புகைப்படத்தைச் சேமிக்கிறீர்கள். கோப்பு முறைமை அந்தக் குறிப்பேட்டைப் படிக்கிறது, பொருளற்ற முகவரி ஒன்றைக் கண்டு அங்கே போகிறது, விழுகிறது. திரையில் தெரிவது கோப்பு முறைமையின் பெயர். உங்கள் நினைவில் நிற்பது புகைப்படம் சேமித்தது. உண்மையில் தவறு செய்த டிரைவர் இந்தக் காட்சியிலேயே இல்லை.

இதைக் கடினமாக்கும் இன்னும் இரண்டு வகைகள் உண்டு.

1. நேரப் போட்டி. இரண்டு வேலைகள் ஒரே தரவை ஏறக்குறைய ஒரே கணத்தில் தொடும்போது மட்டும் வரும் பிழை. ஆயிரம் முறை சரியாக ஓடும், ஆயிரத்தோராவது முறை விழும். “திரும்பச் செய்து காட்டுங்கள்” என்று சர்வீஸ் சென்டரில் கேட்டால் காட்ட முடியாது. பயன்படுத்துபவர் கற்பனை செய்கிறார் என்று நினைக்க வைப்பது பெரும்பாலும் இந்த வகைதான்.

2. வன்பொருளின் தவறு. நினைவகச் சிப்பில் ஒரு பிட் தானாக மாறினால் நிரலின் எந்த வரியிலும் குற்றம் இருக்காது. கூகுளின் சர்வர்களில் இரண்டரை ஆண்டுத் தரவை வைத்து 2009இல் வெளியான ஆய்வில், நினைவக அட்டைகளில் 8 விழுக்காட்டுக்கு மேல் ஓராண்டில் ஒருமுறையாவது பிழை காட்டியிருந்தன. சர்வர்களில் அந்தப் பிழையைக் கண்டு திருத்தும் நினைவகம் இருக்கிறது. வீட்டு லேப்டாப்களில் பெரும்பாலும் அது இல்லை.

வன்பொருள் தவறு எப்படிப் பொய் முகம் காட்டும் என்பதற்கு அண்மைய எடுத்துக்காட்டு இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள். அவற்றை வாங்கியவர்கள் சிலருக்கு விளையாட்டுகள் திடீர் திடீரென்று மூடிக்கொண்டன. பல விளையாட்டுகள் காட்டிய செய்தி, கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்பது. அதை நம்பினால் யாரும் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகிப்பார்கள். பழுது ப்ராசஸரில் இருந்தது. தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுப் பெற்றதால் அதன் உட்சுற்றுகள் காலப்போக்கில் தேய்ந்து, தவறான கணக்குகளைத் தந்தன. 2024 ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது, மாற்றத்தான் வேண்டும்.

## நீலத்திரை ஒரு முடிவு

நீலத்திரையைப் பார்த்ததும் கணினி செத்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் அது கெர்னல் தெரிந்தே எடுக்கும் முடிவு. தன் குறிப்பேடுகளில் ஒன்று பொருந்தவில்லை என்று கண்டதும், இனித் தன் கையில் இருக்கும் எதையும் நம்ப முடியாது என்று அது தீர்மானிக்கிறது. நம்ப முடியாத நினைவகத்தோடு தொடர்ந்து ஓடி, கெட்டுப்போன தரவை வன்வட்டில் எழுதிவிட்டால், இருபது ஆண்டுக் கோப்புகளும் சேர்ந்து போகலாம். அதனால் நினைவகத்தின் படி ஒன்றை எழுதிவிட்டு நின்றுவிடுகிறது.

விண்டோஸ் 98 அப்படி நிற்கவில்லை. அதன் நீலத்திரையில் “தொடர ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தவும்” என்று இருக்கும். அழுத்தினால் சில சமயம் வேலை தொடரும், பழுதும் கூடவே தொடரும். தேர்வு செய்யச் சொன்னால், நிற்பதே மேல் என்பேன். சேமிக்காத அரை மணி நேர வேலை போவது வலிக்கும். சேமித்தது சத்தமில்லாமல் கெடுவது அதைவிட மோசம்.

## இருபத்தொன்றாவது பெட்டி

இப்போது 2024 ஜூலை 19க்குத் திரும்புவோம். கிரவுட்ஸ்டிரைக்கின் பாதுகாப்பு மென்பொருள், தாக்குதல்களை வெகு ஆரம்பத்திலேயே பிடிப்பதற்காகக் கெர்னலுக்குள் ஒரு டிரைவராக ஓடுகிறது. புதிய தாக்குதல் முறைகளைப் பற்றிய விதிகள் தனிக் கோப்புகளாக அதற்கு அவ்வப்போது வந்துசேரும். நடந்தது இந்த வரிசையில்:

1. 2024 பிப்ரவரியில் ஒரு புதிய வகை விதி சேர்க்கப்பட்டது. அதன் வரையறையில் 21 பெட்டிகள், அதாவது மதிப்பு நிரப்ப வேண்டிய இடங்கள். டிரைவர் உண்மையில் நிரப்பித் தந்ததோ 20.

2. அதன்பின் வந்த விதிகளில் 21ஆம் பெட்டி “எதுவாக இருந்தாலும் சரி” என்று விடப்பட்டிருந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

3. ஜூலை 19 கோப்பில் முதன்முறையாக 21ஆம் பெட்டியைப் படிக்கச் சொல்லும் விதி வந்தது. கோப்பைச் சோதிக்கும் நிரலும் 21 உண்டு என்றே நம்பியதால் அது தேறிவிட்டது.

4. டிரைவர் இல்லாத பெட்டியைப் படிக்கப் போய், நினைவகத்தில் தனக்கு உரியதல்லாத முகவரியைத் தொட்டது. ஒரு சாதாரணச் செயலி இதைச் செய்திருந்தால் அது மட்டும் மூடியிருக்கும். கெர்னலுக்குள் நடந்ததால் நீலத்திரை.

5. அந்த டிரைவர் கணினி தொடங்கும்போதே ஏற்றப்படுவது. எனவே ரீஸ்டார்ட் செய்தால் மீண்டும் அதே கோப்பு, மீண்டும் அதே வீழ்ச்சி. இணையம் வழியாகத் திருத்தம் அனுப்பலாம் என்றால், அதைப் பெறும் அளவுக்குப் பல கணினிகள் எழுந்து நிற்கவே இல்லை.

அதனால்தான் 78 நிமிடத் தவறைச் சரிசெய்யப் பல நாட்கள் பிடித்தன. ஒவ்வொரு கணினியாக ஆள் போய், இன்றியமையாத மென்பொருள்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்த இடங்களில் 48 இலக்க மீட்புச் சாவியையும் தேட வேண்டியிருந்தது. சில நிறுவனங்களில் அந்தச் சாவிகளை வைத்திருந்த சர்வரும் விழுந்து கிடந்தது. கோப்பை முதலில் சில ஆயிரம் கணினிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. அந்தப் படிப்படியான ஏற்பாட்டை நிறுவனம் பிறகுதான் கொண்டுவந்தது. இது மன்னிக்கக் கடினமான குறை. பெட்டி எண்ணுவதில் யாரும் தவறலாம். உலகம் முழுக்க ஒரே நொடியில் அனுப்புவதென்று வைத்திருந்தது ஒரு நிர்வாக முடிவு.

## தடயம் எங்கே இருக்கிறது

உங்கள் கணினி விழுந்தால், ஃபார்மட் செய்யும் முன் இவற்றைப் பார்க்கலாம்.

1. ரீஸ்டார்ட்டைத் தடுத்து வையுங்கள். நீலத்திரை வந்த சில நொடிகளில் தானாக மறுதொடக்கம் ஆகும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது, படிப்பதற்குள் மறைந்துவிடும். சிஸ்டத்தின் மேம்பட்ட அமைப்புகளில், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி பகுதியில் இதை நிறுத்தலாம்.

2. ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறங்கள். ஸ்டார்ட் தேடலில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும். எந்த நாளில் எது விழுந்தது, அதற்கு முன் என்ன நிறுவப்பட்டது என்பதை நாள்காட்டிபோல் காட்டும். விஸ்டா காலம் முதல் விண்டோஸில் இருக்கிறது. இவ்வளவு பயனுள்ள ஒன்றைத் தேடினால்தான் கிடைக்கும்படி ஏன் வைத்தார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. ஒரு டிரைவர் அப்டேட்டுக்கு மறுநாள் வீழ்ச்சிகள் தொடங்கியிருந்தால், அதைப் பழைய பதிப்புக்குத் திருப்பிப் பாருங்கள்.

3. நீலத்திரைப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐஆர்கியூஎல் என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் டிரைவர். மெமரி மேனேஜ்மென்ட் என்றால் நினைவகச் சோதனையை ஓட்டுங்கள். டபிள்யூஹெச்இஏ என்ற சொல் இருந்தால் வன்பொருளே புகார் செய்திருக்கிறது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஒரு நிரலோ டிரைவரோ குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் நினைவக அட்டையையோ மின்சாரத்தையோ சந்தேகியுங்கள்.

4. விண்டோஸ் கோப்புறைக்குள் மினிடம்ப் என்ற கோப்புறை இருக்கும். ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு கோப்பு அங்கே சேரும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விண்டிபிஜி என்ற கருவியால் அதைத் திறந்தால், எந்த டிரைவர் ஓடிக்கொண்டிருந்தபோது விழுந்தது என்று தெரியும். மேலே சொன்ன பலியாட்டு எச்சரிக்கை இங்கும் பொருந்தும். முழு நினைவகப் படி எடுத்திருந்தால் அதில் உங்கள் கடவுச்சொற்களும் இருக்கக்கூடும், கண்டவருக்கு அனுப்ப வேண்டாம்.

கடைகளில் முதலில் சொல்லப்படும் மருந்து ஃபார்மட். அது சில சமயம் பலிக்கும், ஆனால் தடயம் முழுவதையும் அழித்துவிடும். பழுது நினைவக அட்டையில் இருந்தால், புதிதாகப் போட்ட விண்டோஸும் அடுத்த வாரமே விழும்.

## கெர்னலிலிருந்து வெளியேற்றம்

டிரைவர் விழுந்தால் கணினியும் விழத்தான் வேண்டும் என்பது இயற்கை விதி ஒன்றுமல்ல. விஸ்டாவில் கிராஃபிக்ஸ் டிரைவரின் பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளியே எடுத்தார்கள். கிராஃபிக்ஸ் சிப் இரண்டு நொடி பதில் சொல்லாவிட்டால், விண்டோஸ் அதை மட்டும் மறுதொடக்கம் செய்துகொள்ளும். திரை ஒரு கணம் கறுத்து மீண்டும் வரும், உங்கள் வேலை அப்படியே இருக்கும். பாதுகாப்பு மென்பொருள்களுக்கு ஆப்பிள் 2019இலேயே கெர்னலுக்கு வெளியே தனி வழி அமைத்துக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் அதே திசையில் நடக்கத் தொடங்கியது 2024 ஜூலை 19க்குப் பிறகுதான். 2025இல் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு அதற்கான முதல் சோதனைப் பதிப்பு தரப்பட்டது. எழுந்து நிற்க முடியாத கணினிக்கும் இணையம் வழியாகத் திருத்தம் சேர்க்கும் மீட்பு வசதியும் விண்டோஸ் 11இல் வந்தது.

திரையும் மாறியிருக்கிறது. 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த சோக முகமும், 2016இல் சேர்ந்த க்யூஆர் குறியீடும் 2025இன் புதிய வடிவத்தில் இல்லை. நீலம் கறுப்பாகிவிட்டது. கறுப்புத் திரையில் இப்போது பிழையின் பெயர் இருக்கும். குறிப்பிட்ட டிரைவர் கோப்பு காரணம் என்று கணினிக்குத் தெரிந்தால், அதன் பெயரும் அடுத்த வரியிலேயே இருக்கும்.